சாட்சியில் விட்டுப்போன மருந்து

மைக்கைப் பிடித்திருந்த அந்த ஐந்து நிமிடத்தில், என் மகன் காலையும் இரவும் குடிக்கிற மருந்தைப் பற்றி நான் ஏன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை?

இதற்கு என்னிடம் நான்கைந்து பதில்கள் இருக்கின்றன. பாத்திரம் துலக்கும்போது ஒன்று சரியென்று படும். துணி காயப்போடும்போது வேறொன்று. நேரம் போதவில்லை என்று ஒருநாள் சொல்லிக்கொள்வேன். யாரும் கேட்கவில்லையே என்று இன்னொரு நாள். எதுவும் மறுநாள் வரை தாங்குவதில்லை. நான் கணிதம் படித்தவள். பிள்ளை பிறப்பதற்கு முன்பு ஒரு தனியார் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். விடையைப் பக்கத்தில் இருப்பவனிடம் பார்த்துவிட்டு, வழியைப் பிறகு இட்டுக்கட்டி எழுதும் பிள்ளைகளை எத்தனையோ முறை பிடித்திருக்கிறேன். இப்போது நான் செய்வதும் அதுதானோ என்று சந்தேகமாக இருக்கிறது. அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன்.

என் மகனுக்கு மூன்றரை வயது. ஒன்றரை வயதில் காய்ச்சலோடு முதல் வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லாமலும் வர ஆரம்பித்த பிறகு, புதுச்சேரியில் குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். காலை எட்டு மணி, இரவு எட்டு மணி. ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து உறிஞ்சி, கன்னத்தின் உள்பக்கமாக மெதுவாக விட வேண்டும். கடைசி வலிப்பிலிருந்து இரண்டு வருடம் ஒன்றும் வராமல் இருந்தால்தான் மருந்தை நிறுத்துவது பற்றிப் பேசவே முடியும் என்றார். நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வந்தேன். தேதி, நேரம், எத்தனை நொடி, எந்தக் கை முதலில் வெட்டியது.

போன மழைக்காலத்தில் ஒரே வாரத்தில் மூன்று முறை வந்தது. மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டினார். அதே வாரம் எங்கள் சபையில் அவனுக்காகச் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். மூன்று நாள், வீட்டுக்கு ஒரு மணி நேரம், ஒரு வீடு முடித்ததும் அடுத்த வீட்டுக்குப் போன் செய்து ஒப்படைக்க வேண்டும். மருந்தைக் கூட்டியதும் ஜெபம் தொடங்கியதும் ஒரே செவ்வாய்க்கிழமை. அதற்குப் பிறகு அந்த நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. இன்று வரை எழுதவில்லை.

எது எதைச் செய்தது என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியாது. பிரிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வீட்டில் மண்டி போட்டபோது மருந்துக்கும் சேர்த்தே நன்றி சொன்னேன். சபையில்தான் சொல்லவில்லை.

எங்கள் சபை, செஞ்சியில் திருவண்ணாமலை சாலையிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருக்கிறது. தகரக் கூரை போட்ட கூடம். வாசல் கதவு திறந்திருந்தால் கடைசிப் பாயில் உட்கார்ந்தபடியே கோட்டை மலையான ராஜகிரியைப் பார்க்கலாம். வெயில் ஏறினால் கூரை கொதிக்கும் என்பதால் ஞாயிறு ஆராதனை ஏழரைக்கே தொடங்கிவிடும். மாதத்தின் முதல் ஞாயிறில் பாடல்கள் முடிந்ததும் சாட்சி நேரம். யார் வாழ்க்கையில் கர்த்தர் என்ன செய்தார் என்று அவரவர் எழுந்து மைக்கில் சொல்வார்கள். சாட்சி சொல்பவர் வீட்டிலிருந்துதான் அன்றைக்கு எல்லோருக்கும் டீயும் சுண்டலும் வர வேண்டும். அதனால் காலையில் யார் கையில் தூக்குப் பாத்திரம் இருக்கிறதோ அவர்தான் பேசப்போகிறார் என்று தெரிந்துவிடும். பேச்சு நீண்டுபோனால் கீபோர்டு வாசிக்கும் தம்பி மெல்ல ஒரு ராகத்தைத் தொடங்குவார். முடித்துக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். காணாமல்போன ஆடு திரும்பி வந்த கதையை இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சொல்லும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஆடு எந்த இடத்தில் கிடைக்கும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் அது கிடைத்தவுடன் ஸ்தோத்திரம் சொல்வோம்.

என்னிடம் அப்படி ஒரு ஆடுகூட இல்லை. நான் கிறிஸ்தவக் குடும்பத்திலேயே பிறந்தவள். ஞாயிறு பள்ளி, மனப்பாடப் போட்டி, வாலிபர் கூட்டம், எல்லாவற்றிலும் ஒழுங்காக இருந்தேன், பரிசும் வாங்கினேன். வெளியிலிருந்து சபைக்கு வருகிறவர்கள் குடி விட்டதை, நோய் விட்டதை, வீட்டை விட்டுத் துரத்தப்பட்டதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வரும். கூடவே கொஞ்சம் பொறாமையும் வரும். பெண்கள் கூட்டத்தில் பாஸ்டரம்மா, இந்த வருடம் ஆவிக்குரிய வாழ்க்கையில் என்ன வளர்ச்சி என்று ஒவ்வொருவரையும் கேட்கும்போது நான் பாயின் கோரையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். வளர்கிறவர்களுக்குத்தானே கதை இருக்கும். நான் போட்ட இடத்திலேயே இருந்தேன்.

ஏழு மாதம் வலிப்பில்லாமல் கடந்த பிறகு, பாஸ்டரம்மாதான் என்னைச் சாட்சி சொல்லச் சொன்னார். “சுருக்கமா சொல்லும்மா. டாக்டர் கதையெல்லாம் விலாவாரியா வேணாம், ஜனங்க தூங்கிடுவாங்க” என்று சிரித்தார். என் குற்றத்தை அந்த வார்த்தையில் மாட்டிவிடப் பல நாள் முயன்றிருக்கிறேன். மாட்டவில்லை. அவர் மருந்தை மறைக்கச் சொல்லவில்லை. என் மகன் இன்னும் மருந்து குடிக்கிறான் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது.

தெரியாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான். ஞாயிறு எட்டு மணி என்பது ஆராதனையின் நடுவில் வரும். போன் அதிர்ந்தவுடன் மகனைத் தூக்கிக்கொண்டு கூடத்தின் பின்பக்கம் தண்ணீர் டேங்குக்கு அருகில் போவேன். பையனுக்கு ஒன்றுக்கு வருகிறது போல என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். வலிப்பு என்றால் எங்கள் ஊரில் இன்னமும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடிவருவார்கள். பிள்ளை வளர்ந்து, பள்ளிக்குப் போய், ஒரு நாள் கல்யாணம் வரைக்கும் அந்தச் சொல் கூடவே வரும். அந்தப் பயத்தில் ஆரம்பித்த வழக்கம் அது.

சாட்சி சொன்ன அன்று நான் நன்றாகப் பேசினேன். மூன்று முறை வந்ததைச் சொன்னேன், அவன் உதடு நீலமானதைச் சொன்னேன், சங்கிலி ஜெபத்தைச் சொன்னேன், ஏழு மாதமாக ஒன்றும் வரவில்லை என்றேன். கூடமே கைதட்டியது. என் கணவர் தோளில் இருந்த மகனும் சேர்ந்து தட்டினான். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. ராகம் தொடங்காமலேயே முடித்துவிட்டு உட்கார்ந்தேன். சொன்னதில் ஒரு வாக்கியமும் பொய்யில்லை.

அன்று சுண்டல் கிண்ணத்தோடு என்னிடம் வந்தவள் சிங்கவரத்துச் சகோதரி. சபைக்கு வரத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வீட்டில் அவள் ஒருத்திதான் வருகிறாள். கணவரும் மற்றவர்களும் அவர்கள் கோயிலுக்குத்தான் போவார்கள். முதல் பஸ் பிடித்து வந்து, ஆராதனை முடிந்ததும் சமையலுக்கு ஓடுவாள். கதவோரக் கடைசிப் பாயில் ஆறு வயது மகளோடு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பெண்ணுக்கும் வலிப்பு இருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் தருகிற மாத்திரையைப் பாதியாக உடைத்து வாழைப்பழத்தில் வைத்துக் கொடுப்பாளாம்.

“ஒண்ணுமே வரலியாக்கா இப்ப?” என்று கேட்டாள்.

ஒன்றுமே வரவில்லை என்றேன். அவள் என் மகனின் காலைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் தடுக்கவில்லை.

அடுத்ததை எழுதத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். இதை என் கணவரிடம்கூட வெகு நாள் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிறு, டேங்குக்குப் பின்னால் மகனின் வாயில் சிரிஞ்சை வைத்திருந்தேன். மகளுக்குத் தண்ணீர் பிடிக்க அவள் அங்கே வந்துவிட்டாள். இன்னா மருந்துக்கா என்று கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“சளிக்கும்மா” என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய்யில்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது. சளிக்கு எதற்கு இங்கிலீஷ் மருந்து, எங்கள் வேலியில் தூதுவளை படர்ந்து கிடக்கிறது என்று அவள் சொன்னாள். அடுத்த ஞாயிறு மறக்காமல் ஒரு பிளாஸ்டிக் பையில் தூதுவளை இலை பறித்துக் கொண்டுவந்தாள். முள்ளையெல்லாம் அவளே கிள்ளி எடுத்திருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். துவையலும் அரைத்தேன்.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம், பெண்கள் ஜெபக் குழுவில் பாஸ்டரம்மாவின் குரல் பதிவு வந்தது. சிங்கவரத்துச் சகோதரியின் மகள் பள்ளியில் சாப்பாட்டுத் தட்டைக் கழுவப் போன இடத்தில் வலிப்பு வந்து விழுந்துவிட்டாள், குழாய் மேடையில் நெற்றி அடிபட்டுத் தையல் போட்டிருக்கிறார்கள், எல்லோரும் உடனே ஜெபியுங்கள் என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை மூன்று முறை கேட்டேன். மூன்றாவது முறைதான் கடைசி வரி காதில் ஏறியது. சகோதரி விசுவாசத்தில் மாத்திரையை நிறுத்தியிருந்தார்களாம்.

மறுநாள் சபைப் பெண்கள் நான்கைந்து பேர் ரொட்டியும் பழமும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். புருவத்துக்கு மேல் கட்டு. அவளுடைய அப்பா வார்டு வாசலில் நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் நகர்ந்து வழிவிட்டார், ஆனால் ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. ஜெபம் முடிந்து மற்றவர்கள் வெளியே போனபோது சிறுமியின் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எனுக்குத்தான் விசுவாசம் பத்தல போல இருக்குதுக்கா. மூணு வெள்ளிக்கிழமை பச்சத்தண்ணி குடிக்காம இருந்தேன். உனுக்குக் கேட்டவரு எனுக்குக் கேக்கல. நான் எங்க தப்பு பண்ணேன்னு நீயாவது சொல்லுக்கா.”

அங்கேயே சொல்லியிருக்கலாம். அவளுடைய கணவர் நான்கு அடி தூரத்தில் நின்றிருந்தார், அது ஒரு காரணம். வெளியே பெண்கள் காத்திருந்தார்கள், அது இன்னொன்று. மாத்திரையை மட்டும் நிறுத்தாதேம்மா, டாக்டர் சொல்லும் வரைக்கும் கொடு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். விசுவாசம் குறைந்தவர்களுக்குச் சொல்கிற ஆறுதலாகத்தான் அதை எடுத்துக்கொண்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. திரும்பும்போது ஷேர் ஆட்டோவில், நிறுத்தினவ முழு விசுவாசத்தோட நிறுத்தியிருக்கணும், சந்தேகத்தோட நிறுத்தினா இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் எனக்கு ஜெபம் வரவில்லை. மண்டி போடுவேன், வாய் திறக்கும், ஆனால் சளிக்கும்மா என்ற என் குரல்தான் கேட்கும். இரவு எட்டு மணிக்கு மருந்து கொடுக்கும்போது கவனம் சிதறி ஒருமுறை அளவு கூடிவிட்டதோ என்று பயந்து, பையனை விடாமல் எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். கணவர் அப்போதுதான் என்ன விஷயம் என்று உட்கார வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசாதவர். அவள் நிறுத்தியதற்கு நீ எப்படிப் பொறுப்பு, நீ நிறுத்து என்று சொன்னாயா என்று கேட்டார். சொல்லவில்லைதான். பிறகு அவரே, அந்தத் தூதுவளைத் துவையலை நானும்தானே சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

ஆகஸ்டில் ஒருநாள் மகனை அவர் கடையில் விட்டுவிட்டு, ஸ்கூட்டியில் சிங்கவரம் போனேன். அவள் வீட்டு வாசலில் பிடுங்கிப் போட்ட மல்லாட்டைச் செடி, வேர்க்கடலைதான், குவியலாகக் கிடந்தது. அவள் உட்கார்ந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் மகள், புருவத்துக்கு மேல் கம்பளிப்பூச்சி மாதிரி தையல் தழும்போடு, காய்களை வரிசையாக அடுக்கி ரயில் விட்டுக்கொண்டிருந்தாள். நைனா மாத்திரை வாங்கியாரப் போயிருக்குது என்று அப்பாவைப் பற்றி அவளாகவே எனக்குச் செய்தி சொன்னாள்.

நானும் உட்கார்ந்து ஒரு செடியை எடுத்தேன். கை வேலையாக இருந்தால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை.

“என் பையன் இன்னமும் மருந்து குடிக்கிறான்மா. ஒரு நாளும் நிறுத்தல. அன்னிக்கு டேங்காண்ட குடுத்ததும் அந்த மருந்துதான்.”

அவள் கை நிற்கவில்லை. நான்கைந்து காய்களைப் பறித்துப் போட்டாள்.

“சளின்னியேக்கா.”

“பொய் சொல்லிட்டேன்.”

“நான் தூதுவள பறிச்சினு வந்தேனே.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கொஞ்ச நேரம் செடியில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மகளை உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவரச் சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்தாள். டேங்குப் பக்கத்தில் என்னிடம் கேட்ட அன்று, மருந்தில்லாமலே ஒரு குழந்தை நன்றாக இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டோம் என்றுதான் தனக்குத் தைரியம் வந்தது என்றாள். மறுநாளே மாத்திரைப் பட்டையை அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாளாம்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் வந்து சொல்கிறேன், என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“மைக்குல சொன்னத மைக்குலயே சொல்லு. எங்கிட்ட மட்டும் சொல்லி இன்னா ஆவப்போவுது? அங்க எல்லாரும் என்ன எப்டி பாக்கறாங்கன்னு உனுக்குத் தெரியாதா? எதோ தீட்டு பட்டவள பாக்கற மாதிரி பாக்கறாங்க.”

சரி என்றேன். உன் கணவரிடமும் சொல்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் அவள் பதறினாள்.

“அவருகிட்ட வேணாம். சபையில நிறுத்தச் சொன்னாங்கன்னு அவரா நெனச்சிக்கினு கோவத்துல இருக்குறாரு. அது அப்டியே இருக்கட்டும். ஒரு ஆளுன்னு தெரிஞ்சா உன் ஊட்டாண்ட வந்து நிப்பாரு. சின்ன புள்ளய வெச்சிருக்கற, வேணாங்க்கா.”

மகள் தண்ணீரோடு வந்துவிட்டாள். கிளம்பும்போது சகோதரி ஒரு பையில் மல்லாட்டை போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். இது பொய் ஒண்ணுமில்ல, வாங்கிக்க என்றாள். அது கிண்டலா, கோபமா, மன்னிப்பா என்று வழியெல்லாம் யோசித்தேன். பை ஸ்கூட்டியின் கொக்கியில் ஆடிக்கொண்டே வந்தது.

மைக்கில் சொல்லப்போவதைப் பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். என் சாட்சியைக் கேட்டு இரண்டு குடும்பங்கள் புதிதாக வர ஆரம்பித்திருந்தன. அவர்கள் விசுவாசத்தில் இடறிவிடுவார்களே, நானே அந்தச் சகோதரியைத் தனியாகப் பார்த்து ஆறுதல் சொல்கிறேனே என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மகனுக்காக அந்த மூன்று நாளும் தன் வீட்டு முறைக்கு மேல் இன்னும் இரண்டு மணி நேரம் விழித்திருந்தவர் அவர். அவருக்கு எதிராக எதையும் செய்ய எனக்குக் கஷ்டமாக இருந்தது. என் கணவருக்கு வேறு கவலை. அடுத்த ஜூனில் பையனை எல்.கே.ஜி. சேர்க்க வேண்டும். “இப்பதான் எல்லாரும் மறந்துனு வராங்க. நீயே போய் ஞாபகப்படுத்தறியா?” என்றார்.

செப்டம்பர் முதல் ஞாயிறு நெருங்க நெருங்க ஒரு அற்பமான கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. சுண்டல் செய்வதா வேண்டாமா? சொல்லப்போவது சாட்சி என்றால் சுண்டல் வேண்டும். தவறை ஒத்துக்கொள்வதற்கு யாராவது சுண்டல் தருவார்களா? சனிக்கிழமை மத்தியானம் கடலையை ஊறப்போட்டேன், பிறகு தண்ணீரை வடித்தேன், பிறகு மறுபடியும் ஊற்றினேன். காலையில் தாளித்து எடுத்து வாசலில் வைத்தபோது, என் கணவர் தூக்குப் பாத்திரத்தை எடுத்து வண்டியின் முன்பக்கம் வைத்தார்.

எட்டு மணிக்குப் போன் அதிர்ந்தது. அன்று டேங்குக்குப் போகவில்லை. பாயிலேயே உட்கார்ந்து, மகனை மடியில் சாய்த்து, எல்லோர் நடுவிலும் சிரிஞ்சை எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டே பார்த்தார்கள்.

சாட்சி நேரத்தில் எழுந்து மைக்கை வாங்கினேன். எழுதி வைத்திருந்த தாள் கையில் இருந்தும் அதைப் பார்க்கவில்லை. “என் மகனுக்குப் பத்து மாசமா வலிப்பு வரல, அதுக்கு ஸ்தோத்திரம். அந்தப் பத்து மாசமும் அவன் தினம் ரெண்டு வேளை மருந்து குடிச்சான். இப்பவும் குடிச்சான், நீங்களே பாத்தீங்க. போன தடவை அத நான் சொல்லல. நம்ம சகோதரி ஒருத்தங்க நேர்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். அத நம்பித்தான் அவங்க மாத்திரைய நிறுத்தினாங்க. அவங்க விசுவாசத்தப் பத்தி இனிமே யாரும் பேசாதீங்க.” இவ்வளவுதான். யாரோ பழக்கத்தில் ஸ்தோத்திரம் என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். கீபோர்டு தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் ராகத்தைத் தொடங்கிவிட்டார்.

பாஸ்டர் ஐயா என்னிடமிருந்து மைக்கை வாங்கினார். பிறகு, தான் பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவதாகவும், இன்று காலையும் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்ததாகவும், அதை இந்த இடத்தில் நின்று ஒருமுறையும் சொன்னதில்லை என்றும் சொன்னார். அடுத்த பாடலை அறிவித்துவிட்டார்.

நான் திரும்பிக் கடைசிப் பாயைப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது, வெயில் உள்ளே விழுந்திருந்தது. அங்கே யாரும் இல்லை. அவள் வரவில்லை. எழுந்து நிற்பதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும். பார்த்திருந்தால் அடுத்த மாதம் என்று உட்கார்ந்திருப்பேனோ என்னவோ.

சுண்டல் பாதி மீந்துவிட்டது. பாஸ்டரம்மா ஒரு கிண்ணம் வாங்கி என் பக்கத்தில் நின்றே சாப்பிட்டார், உப்புக் குறைவு என்று மட்டும் சொன்னார். புதிதாக வந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று இப்போது வருவதில்லை. இன்னொரு வீட்டுப் பெண் என்னிடம் வந்து, தானும் நரம்புக்கு மாத்திரை சாப்பிடுவதாகக் காதோடு சொல்லிவிட்டுப் போனார். பள்ளி விஷயம் என்னவாகும் என்று தெரியாது, ஜூனில்தான் தெரியும்.

போன வாரம் மகனோடு போனபோது செஞ்சி பஸ் நிலையத்தில் சிங்கவரத்துச் சகோதரியைப் பார்த்தேன். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிங்கவரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தாள். நான் சபையில் பேசியது அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. கேள்விப்பட்டேன்க்கா என்றாள். மாத்திரை ஒழுங்காகப் போகிறது, அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் சபைக்கு மட்டும் கணவர் விடுவதில்லை. பெண்ணைக் கொல்லப் பார்த்த இடத்துக்கு மறுபடியும் போவாயா என்று கேட்கிறாராம். வீட்டில் பாட்டுப் பாடினால்கூட எழுந்து வெளியே போய்விடுகிறாராம். நான் வந்து பேசட்டுமா என்று கேட்டேன். வேணாம்னு சொன்னேனில்லக்கா என்றாள். பஸ் வந்தது. சிறுமி ஜன்னலிலிருந்து என் மகனுக்குக் கை காட்டினாள். அவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து நிலைகொள்ளவில்லை. அந்த மனிதர் தன் மனைவியின் சபை மேல் வைத்திருக்கும் கோபம், உண்மையில் எனக்குச் சேர வேண்டியது. அதை அவள் என் மேல் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அதற்கு விலையாகக் கதவோரப் பாயை விட்டிருக்கிறாள். அவள் வேண்டாம் என்கிறாள் என்று நான் சும்மா இருப்பது அவள் சொல்லை மதிப்பதா, இல்லை டேங்குக்குப் பின்னால் நின்றது மாதிரி மறுபடியும் ஒளிந்துகொள்வதா? போய்ச் சொன்னால், அவர் சபையை விட்டு என்னைப் பிடித்துக்கொள்ளலாம், அவளும் ஞாயிறு பஸ் ஏறலாம். அல்லது, இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்று அவள் மேலேயே திரும்பலாம். அதையும் நினைத்துப் பார்க்கிறேன். ஒருமுறை நான் எனக்குச் சரியென்று பட்டதைச் செய்ததில் அந்தப் பிள்ளைக்கு நெற்றி கிழிந்தது.

இதைப் படிக்கிறவர்களில் இப்படி ஒரு பெண்ணுக்குக் கணவராக இருப்பவர்களும் இருப்பீர்கள், அவளைப் போல வீட்டில் ஒருத்தியாக எழுந்து கோயிலுக்கோ சபைக்கோ போகிறவர்களும் இருப்பீர்கள். என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்று சொன்ன பிறகும், நான் சிங்கவரம் போய் அவர் முன்னால் நின்று, மருந்தை மறைத்தவள் நான்தான் என்று சொல்லலாமா? அல்லது அவளாக வரும் வரை காத்திருக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.